மூடியைப் பூட்டினேனா?

கண்ணன் அழைத்தபோது நான் ஸ்காபரோவில் வேலை வான் வண்டிக்குள் இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். கண்ணன் எங்கள் முதலாளி. என்னைவிட வயதில் இளையவர்.

"அண்ணை, நேற்று மார்க்கம் ரவுனில பரமேஸ் அண்ணை வீட்டு ஸ்ரோவ் கிளீன் பண்ணினது நீங்கள்தானே?"

"ஓம்."

"நீங்கள் வெளிக்கிட்டுக் கொஞ்ச நேரத்தில வீடு முழுக்கப் புகையாம். புகை அலாரமும் அடிச்சிட்டுதாம். மேல பிள்ளைப்பெத்த மகள் படுத்திருந்தவவாம்."

"குழந்தைக்கு?"

"தூக்கிக்கொண்டு வெளியில ஓடிட்டா. ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. ஒருக்காப் போய்ப் பாருங்கோ அண்ணை. அந்த மூடியைப் பூட்டினனீங்களோ?"

"போய்ப் பாக்கிறன்" என்றுவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.

பெலெற் ஸ்ரோவ் என்பது மரத்தூளை அழுத்திச் செய்த சிறு குச்சிகளை எரித்து வீட்டைச் சூடாக்கும் அடுப்பு. மின்சாரத்தில் ஓடும் ஒரு விசிறி, நாங்கள் பேன் என்போம், புகையைப் பின்பக்கக் குழாய் வழியாக வெளியே தள்ளும். அந்தக் குழாயின் அடியில், வீட்டுக்குள், ஒரு மூடி இருக்கிறது. அதைக் கழற்றித்தான் சாம்பலை எடுப்போம். திரும்பப் பூட்டாவிட்டால் புகை அறைக்குள் வரும். மூடியைக் கழற்றியது நினைவிருந்தது. பூட்டியது நினைவில்லை.

நான் ஐந்தாம் வகுப்புவரைதான் படித்தவன். ஸ்ரோவுடன் வரும் ஆங்கிலப் புத்தகத்தை வாசிக்கத் தெரியாது. கழற்றிப் பூட்டித்தான் இந்த வேலையைப் பழகினேன். பேசுவதற்கும் கூச்சம். வேலை முடிந்தால் அடுப்பை மூட்டிக் காட்டி, "சரி, வாறன்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

மார்க்கம் போகும்வரை நேற்றைய வேலையை மனதுக்குள் முதலிலிருந்து செய்து பார்த்தேன். எரிகிண்ணத்தைச் சுரண்டினேன். சாம்பலை வக்கியூமால் இழுத்தேன். கண்ணாடியைத் துடைத்தேன். ஒவ்வொரு முறையும் கடைசியில் அந்த மூடி என் கையிலேயே இருந்தது.

பரமேஸ் அண்ணைதான் கதவைத் திறந்தார்.

"வாரும் தம்பி. நேற்று நல்லாத்தான் கிளீன் பண்ணினீர். கண்ணாடி பளபளக்குது. நாங்கள்தான் கறுத்துப்போனம்."

சப்பாத்தைக் கழற்றிவிட்டு முன்னறையில் இருந்த அடுப்பிடம் நேரே போனேன். அடுப்பு ஆறிக் கிடந்தது. குப்புறப் படுத்துப் பின்பக்கம் கையை விட்டேன். மூடி பூட்டியிருந்தது. திருகிப் பார்த்தேன், அசையவில்லை. எழும்ப மனம் வராமல் அப்படியே கிடந்தேன்.

"என்ன தம்பி, நித்திரையோ?"

எழுந்து அடுப்புக் கதவின் ஓரத்தைச் சோதித்தேன். ஒரு கடதாசித் துண்டை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்தால் அது வரக்கூடாது. வரவில்லை. அடுப்பை மூட்டினேன். சுத்தமாக எரிந்தது. புகையே இல்லை. பிறகு நேற்று எங்கிருந்து வந்தது? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அந்த நேரம் அக்கா, அவருடைய மனைவி, கைப்பையுடன் மாடியிலிருந்து இறங்கி வந்தார். "கோயிலுக்கு நேரமாகுது. தம்பி பாப்பார், வெளிக்கிடுங்கோவன்."

அண்ணை எழுந்தார். ரிவியை நிறுத்தினார். மேசை விளக்கை அணைத்தார். பிறகு, கீழே குனியாமல், கால் பெருவிரலால், பல வயர்கள் செருகிய பவர் பாரின் சுவிற்சை அமத்தினார். ஸ்ரோவின் வயரும் அதில்தான் செருகியிருந்தது.

பேன் நின்றது. நெருப்பு நிற்கவில்லை. கதவுக் கண்ணாடியின் அடியில், காற்று போவதற்கு விட்ட கீறலிலிருந்து நூல்போலப் புகை கிளம்பியது.

"அண்ணை! நேற்றும் உப்பிடித்தான் நிப்பாட்டினனீங்களோ?"

"ஓம். வெளியில போகேக்க எல்லாத்தையும் நிப்பாட்டிப்போட்டுத்தானே போறது. மேல பச்சைப்பிள்ளை படுத்திருக்கு. நெருப்பை எரியவிட்டுட்டுப் போறதே?"

பாய்ந்து சுவிற்சைத் திரும்பப் போட்டேன். ஜன்னலைத் திறந்தேன். வாடிக்கையாளர் வீடு ஒன்றில் அன்றுதான் அவ்வளவு பேசினேன். அடுப்பில் இருக்கும் பொத்தானைத்தான் அமத்த வேண்டும், குச்சி விழுவது நின்று நெருப்பு தானாக அணையும், அடுப்பு ஆறும்வரை பேன் ஓடியே ஆகவேண்டும் என்றேன். அடுப்பு அந்த வீட்டோடு வந்தது; நேற்றுத்தான் அவர்கள் முதல்முறை அதை எரித்திருக்கிறார்கள்.

"இதை நேற்றே சொல்லியிருக்கலாமே தம்பி."

அவர் கோபமாகக் கேட்கவில்லை.

"உவர் சொன்னா மட்டும் நீங்கள் கேட்டுப்போடுவியள்!" என்றார் அக்கா. மூவரும் சிரித்தோம். ஆனாலும் அண்ணை கேட்டது நியாயம். நேற்று ஒரு நிமிடம் வாயைத் திறந்திருந்தால் ஒரு பிள்ளைப்பெத்த பெண் குளிருக்குள் ஓடியிருக்க மாட்டாள்.

சாமான்களை எடுக்கும்போது மாடியில் குழந்தை அழுதது. நல்ல பலமான அழுகை. அது அடங்கும்வரை கேட்டுக்கொண்டு நின்றேன். பிறகு கண்ணனுக்கு அழைத்து, "மூடி பூட்டித்தான் இருந்தது" என்றேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்குச் சொல்கிறேன். மூடியைப் பூட்டியதும் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். அடுத்தது, வீட்டுக்காரரையே ஒருமுறை அடுப்பை நிறுத்தச் சொல்லுங்கள். பேன் ஓடி நிற்கும்வரை நீங்களும் நில்லுங்கள். அந்த நேரம் முழுக்க என்ன பேசுவதென்று எனக்கு இன்னும் தெரியாது. காலுறையோடு அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பேன் நின்ற பிறகுதான் சப்பாத்தைப் போடுவேன்.