என் கடை மாத்திரையைத் திருநெல்வேலியில் வாங்கினேன்

மருந்துக்கடைக்காரனுக்கு ஊரார் வியாதியெல்லாம் தெரியும். அவன் வியாதிதான் ஊராருக்குத் தெரியக்கூடாது. சங்கரன்கோவிலில் இருபது வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். மனைவி இறந்த பிறகு டாக்டர் எனக்கு மனச்சோர்வு மாத்திரை எழுதினார். என் கடையிலேயே அட்டை அட்டையாக இருக்கும் அதை, பில் போடும் பெண் பார்த்துவிடுவாளே என்று, பஸ் ஏறித் திருநெல்வேலியில் போய் வாங்கினேன். ஒளித்து விழுங்குகிற உங்களுக்கு இது புரியும்.

குமட்டல்

இதே மாத்திரையை வாங்கிப்போன தறிக்காரர் ஒருவர் முதல் வாரமே அட்டையைத் திருப்பிக் கொண்டுவந்தார். விழுங்கினால் குமட்டுகிறதாம். வெறும் வயிற்றில் வேண்டாம், சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள், ஒன்றிரண்டு வாரத்தில் அநேகமாக அடங்கும், அடங்காவிட்டால் டாக்டரைப் பாருங்கள் என்றேன். அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"ஒத்தையில உக்காந்து திங்குத சோறே குமட்டத்தான் செய்யுது அண்ணாச்சி."

கேட்கக் கூசியது

பனவடலிசத்திரத்திலிருந்து வந்த ஒரு பெண், கூட்டம் கலையும்வரை தைலப் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்காரர் இந்த மாத்திரையைத் தொடங்கியதிலிருந்து கிட்டேயே வருவதில்லை என்றாள். சிலருக்கு இந்த மருந்தே ஆசையைக் குறைக்கும், வெட்கப்படாமல் டாக்டரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றுவார், அவராக நிறுத்திவிட வேண்டாம் என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னயப் பிடிக்கலன்னுல்லா நெனச்சேன். ரெண்டு மாசமா அடுப்படியில நின்னு அழுதேன்."

ஒற்றை மாத்திரை

ரிட்டையரான கண்டக்டர் ஒருவர் தினமும் காலையில் வந்து, இதே மாத்திரையில் ஒன்றே ஒன்று வெட்டி வாங்குவார். வெயிலில் அலையாமல் முழு அட்டையாக வாங்கிக்கொள்ளுங்களேன் என்றேன்.

"அட்டைய வாங்கிட்டா பத்து நாளைக்கு நான் யாருட்ட பேசுதது?"

நானே நிறுத்தியது

ஊருக்கெல்லாம் நிறுத்தாதீர்கள் என்று சொல்லும் நான், பகல் தூக்கம் தாங்காமல், யாரிடமும் கேட்காமல் நிறுத்தினேன். மூன்றாம் நாள் தலைக்குள் ஷாக் அடித்ததுபோல் வெட்டியது. கவுண்டரைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டேன். அப்போது வந்த கண்டக்டர் என்ன என்று கேட்டார். பிரஷர் என்று சொல்ல வாயெடுத்தவன், உண்மையைச் சொல்லிவிட்டேன். மாத்திரை தொடங்கிய எட்டு மாதத்தில் நான் சொன்ன முதல் ஆள் அவர்தான். அழவும் செய்தேன்.

அவரே என் டாக்டருக்குப் போன் போட்டுக் கொடுத்தார். டாக்டர் திட்டிவிட்டு, மறுபடி தொடங்கச் சொல்லி, வேளையைப் படுக்கப்போகும் நேரத்துக்கு மாற்றினார். கண்டக்டர் கிளம்பும்போது சொன்னது:

"இத்தன நாளும் நான் மட்டுந்தான் எங் கதையச் சொல்லிக்கிட்டிருந்தேன் வே. நாளையில இருந்து நீரும் சொல்லும்."

இந்த மாத்திரையின் பக்கவிளைவுகளில் டாக்டருக்கும் தெரியாத ஒன்று, கடை திறந்ததும் அவர் வருகிறாரா என்று நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பது.