பெருநாளுக்குப் பிறகும் உறங்காத ராத்தா

போன நோன்பு மாதத்துக்கு முன் ஐந்து மாதமாக எனக்கு மூத்தவள், என் ராத்தா, கட்டிலோடு கிடந்தாள். மனச்சோர்வு என்று கல்முனையில் ஒரு டொக்டர் குளிசை எழுதிக் கொடுத்தார். தலைப்பிறை கண்ட கிழமையில் எழும்பினாள். எழும்பினாள் என்ன, பறந்தாள்! விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எங்களை எழுப்புவது அவள், அயலுக்கெல்லாம் கஞ்சி காய்ச்சுவது அவள், மூன்று நாளில் குர்ஆனை ஓதி முடிப்பதும் அவள்.

"றமழான்ட பறக்கத்துடி" என்று நோன்பு மாதத்தின் அருளைப் புகழ்ந்தார் உம்மா. ராத்தாவுக்குச் சுகம் என்று நானும் கூட்டாளிமாருக்கெல்லாம் செய்தி அனுப்பினேன். அவள் உறங்காதது எங்கள் கண்ணில் படவில்லை. நோன்பு மாதத்தில் யார்தான் ஒழுங்காக உறங்குகிறார்கள்?

பெருநாளுக்கு மறுநாள் பகல், வீடே அடித்துப் போட்டாற்போல் உறங்கிக் கிடந்தது. ராத்தா மட்டும் கேற்றடியில் நின்று, போவோர் வருவோருக்கு எங்கள் சட்டி பானைகளைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன புள்ள செய்றாய்?" வாப்பா ஓடினார்.

"எனக்குச் சொல்லியாச்சி வாப்பா. உங்களுக்கு விளங்காது."

யார் சொன்னது என்று கேட்காமலே அவளை ஓட்டோவில் ஏற்றினோம்.

ஆஸ்பத்திரியில் வேறொரு டொக்டர். "எத்தனை நாளா நித்திரை இல்ல?"

"நோன்புதானே சேர்..." உம்மா இழுத்தார்.

"நீங்க பகல்லயாவது கண்ணயர்ந்திருப்பீங்க. இவ?"

இல்லை. முன்பும் இப்படித் துள்ளிய காலம் உண்டா என்றார். உண்டு. கம்பஸில் படிக்கும்போது. கெட்டிக்காரி என்று மெச்சினோம். அதுவும் நோயின் ஒரு பக்கம் என்று தெரியாததால் முதல் டொக்டரிடம் சோர்வை மட்டுமே சொல்லியிருந்தோம். இது பைபோலர், இருமுனைக் கோளாறு என்றார் இவர். சோர்வுக் குளிசையைத் தனியே கொடுத்தால் சிலரை மேலே தூக்கி எறிந்துவிடுமாம். அதை நிறுத்தி லித்தியம் தொடங்கினார். அடிக்கடி இரத்தம் சோதிக்க வேண்டும். உடம்பில் தண்ணீர் குறைந்தால் அந்த மருந்தே நஞ்சாகிவிடும். "என்னக் கேக்காம நோன்பு பிடிக்கப்படாது."

மாதக்கணக்கில் ராத்தா ராத்தாவாகவே இருந்தாள். றமழானுக்கு இப்போது இரண்டு கிழமை இருக்கிறது. நேற்று மீன் கழுவிக்கொண்டே கேட்டாள்: "தண்ணி குடிக்காட்டிக் குளிசை நஞ்சாமே. அப்ப உடவேண்டியது குளிசையத்தானே?"

"டொக்டரக் கேப்பம் ராத்தா."

"நோன்ப உடச் சொல்ல அவர் ஆரு?"

குளிசைப் பெட்டியை எடுத்துப் பார்த்தேன். நாலு நாள் குளிசை அப்படியே இருந்தது. நாளைக்கு டொக்டரிடம் போக ஓட்டோ சொல்லியிருக்கிறேன். ஏறமாட்டேன் என்கிறாள்.