எஸ்தர் அக்கா எழுதியதும் நான் போட்ட ஒன்பதும்

எஸ்தர் அக்கா போய்விட்டார். இன்று விடியற்காலை, குரோம்பேட்டையில் தங்கை மகள் வீட்டில். தூக்கத்திலேயே என்று சொன்னார்கள்.

அழுகை வரவில்லை. கோபம்தான் வருகிறது...

மதியமே எங்கள் பழைய ஆராய்ச்சி மையம் தன் பேஜில் ஒரு போஸ்ட் போட்டுவிட்டது. "எங்கள் முன்னாள் டைரக்டரின் முன்னோடி ஆய்வில் உதவியாக இருந்தவர்." போட்டோவில் டைரக்டர் நடுவில், ஷால் போர்த்திக்கொண்டு. அக்கா ஓரத்தில், பாதி முகம் வெட்டுப்பட்டு.

உதவியாகவா? அந்த ஆய்வுக்காக வெயிலில் நடந்து செருப்புத் தேய்ந்தது யாருக்கு? டைரக்டர் அந்தப் பக்கம் ஒரே ஒரு நாள் வந்தார். அன்றைக்கும் ஜீப்பை விட்டு இறங்கவில்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இன்று பல்கலைக்கழகத்தின் பப்ளிக் பாலிசி ஸ்கூலில், கண்ணாடிக் கட்டடத்தில் ஏ.சி. போட்டு இருக்கிறதே, அதே மையம்தான். எழுபதுகளின் ஆரம்பத்தில் அது கிழக்குத் தாம்பரத்தில் ஒரு வாடகை வீட்டு மாடி.

அக்கா ஃபீல்டு இன்வெஸ்டிகேட்டர். வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டு ஃபாரம் நிரப்புவது அவர் வேலை. நான் கோடிங் கிளார்க்... அவர் கொண்டுவரும் பதில்களை எண்ணாக மாற்றுகிறவன். அந்த எண் பஞ்ச் கார்டில் ஓட்டையாகி, கம்ப்யூட்டருக்குப் போகும்.

திருநீர்மலைப் பக்கம் ஓர் ஏரிக்கரைக் குடியிருப்பு. எல்லாம் கல்குவாரிக் குடும்பங்கள். அவர்களை வேறு இடத்துக்கு மாற்றப்போகிறார்கள், என்ன மாதிரி இடம் வேண்டும் என்று கேட்டு ரிப்போர்ட் தரும் பொறுப்பு எங்கள் மையத்துக்கு வந்தது.

ஃபாரத்தில் ஒரு விதி. குடும்பத் தலைவர் சொன்னால்தான் பதில். தலைவர் என்றால் ஆண். ஆண்களோ விடிவதற்குள் குவாரிக்குப் போய்விடுவார்கள்.

"ஞாயித்துக்கிழமை போறேன் சார், சர்ச் முடிஞ்சதும் நேரா அங்கதான்" என்று அக்கா கேட்டுப் பார்த்தார். லீவு நாளில் ஃபீல்டு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

அதனால் வீட்டில் இருந்த பெண்களிடம் கேட்டார். பதில் எழுதும் கட்டத்தில் அதை எழுதக் கூடாது அல்லவா? ஃபாரத்தின் ஓரத்தில், பென்சிலால், அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே தமிழில் எழுதினார்.

"எங்க வேணா போறோம்க்கா, கெணறு கீற எடமா குடுக்கச் சொல்லு." "தண்ணி தூரமா இருந்தா எம்மாந் தூரம் நடக்கறது, புள்ளய யாரு பாத்துக்கிறது?" ஃபாரத்துக்கு ஃபாரம் தண்ணீர், தண்ணீர்...

நான் டைரக்டரிடம் கொண்டுபோனேன். "சார், தலைவர் பதில் காலியா இருக்கு. ஓரத்துல வீட்டம்மா சொன்னது இருக்கு. இதுக்கு என்ன கோடு நம்பர்?"

அவர் ஃபாரத்தைக் கையில்கூட வாங்கவில்லை. "கார்டுல ஓட்டை போட முடியாதது எதுவும் டேட்டா இல்லப்பா. ஒன்பது போடு."

ஒன்பது என்றால் 'கருத்து இல்லை'.

போட்டேன். ஒரு வாரம் உட்கார்ந்து போட்டேன். வேலை சுத்தம் என்று பாராட்டு வேறு வாங்கினேன், வெட்கம் கெட்டவன்.

ரிப்போர்ட் வந்தது. 'பெரும்பாலான குடும்பங்களுக்கு இடம் குறித்துத் தனிக் கருத்து இல்லை.' அதைக் காட்டியே அவர்களைக் கொண்டுபோய் ஒரு பொட்டல்வெளியில் விட்டார்கள். கிணறும் இல்லை, குழாயும் இல்லை.

அது தெரிந்த பிறகுதான் அக்கா ரிப்போர்ட்டை வாங்கிப் படித்தார், படித்துவிட்டு நேராக என் மேஜைக்கு வந்தார். "நான் ஓரத்துல எழுதினத நீ படிச்சியா இல்லையா சுந்தர்?"

"படிச்சேன்க்கா."

"படிச்சிட்டா போட்ட?"

ரூல் அப்படி, சார் சொன்னார் என்று என்னென்னவோ சப்பைக்கட்டுக் கட்டினேன். இப்போது நினைத்தாலும் என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை என்னையும் பஸ்ஸில் ஏற்றி அந்தப் பொட்டல்வெளிக்குக் கூட்டிப்போனார். எங்கிருந்தோ பெண்கள் குடத்தோடு வந்துகொண்டிருந்தார்கள். ஒரு அம்மா அக்காவை அடையாளம் கண்டுகொண்டு நின்றார்.

"இன்னாக்கா, எழுதிகினு போனியே... கெணறுன்னு தலதலயா அடிச்சிகினேனே, நீ எழுதலியா?"

அக்கா ஒரு நொடி என்னைப் பார்த்தார். ஒரே ஒரு நொடி. பிறகு அந்த அம்மாவிடம் திரும்பி, "என் தப்புதாம்மா, நான் சரியா எழுதல" என்றார்.

"போக்கா... உன்ன நம்பிச் சொன்னேன் பாரு." குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அந்த அம்மா போய்விட்டார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன்.

தாம்பரத்தில் இறங்கியதும் அக்கா டீ வாங்கிக் கொடுத்தார். அதையும் குடித்தேன்.

அடுத்த மாதமே அவர் வேலையை விட்டுவிட்டு ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்தார். நான் விடவில்லை. அங்கேயே இருந்து ரிட்டயர் ஆனேன். எனக்கும் ஷால் போர்த்தினார்கள். ஃபாரங்களை எப்போதோ பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டார்கள்.

போன கிறிஸ்துமஸுக்குப் பார்க்கப் போனேன். கேக்கைத் தட்டில் வைத்துக்கொண்டே கேட்டார், "அந்தப் பக்கம் எப்பவாவது போனியா? கடைசியில கெணறு தோண்டினாங்களாமா?"

தெரியாது என்றேன். போய்ப் பார்த்திருந்தால்தானே தெரியும்...

சாயங்காலம் மையத்திலிருந்து போன். "நீங்கதான் சீனியர், மேடத்தைப் பத்தி நாலு வரி எழுதிக் குடுங்க சார், பேஜ்ல போடறோம்." எழுதுகிறேன். உங்கள் பேஜில் இல்லை, இங்கே.

அந்தக் குடத்துக்கார அம்மாவின் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ யாராவது இதைப் படித்தால்... எஸ்தர் அக்கா சரியாகத்தான் எழுதினார். கிணறு என்றுதான் எழுதியிருந்தது. நான் படித்தேன். படித்துவிட்டுத்தான் ஒன்பது போட்டேன்.

நாளைக் காலை அடக்கம். வருகிறேன் அக்கா.