தேவகி அக்கா கடையின் சாக்குத் திரை

ஞாயிற்றுக்கிழமை காலை. வாரத்துக்கு ஒன்று என்று எனக்கு நானே அனுமதி கொடுத்துக்கொண்ட சிகரெட்டை, மாடித் தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் குத்தவைத்து ஊதிக்கொண்டிருந்தேன், கல்யாண வயதில் பெண்ணை வைத்துக்கொண்டு. போன் அலறியதில் பதறி முழங்கையைத் தொட்டியில் இடித்துக்கொண்டேன். கூட வேலை பார்க்கும் சேகர். "தேவகி அக்கா போய்ட்ச்சுப்பா" என்றான்.

மண்ணூர்பேட்டைப் பட்டறைக்காரர்களுக்கு அவர் டீக்கடையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. "நமக்குப் பழக்கமெல்லாம் இல்லை" என்று சொல்லிக்கொண்டே புகைக்கிறவர்கள் கூடும் இடம் அது. சம்பள நாளில் மட்டும் பிடிக்கிற லேத்காரர்கள், மேனேஜர் திட்டினால் மட்டும் பிடிக்கிற ஐடி பையன்கள். பழைய ஊர்க்காரக் கிழவிகள் பெஞ்சிலேயே சுருட்டுப் பிடிப்பார்கள், யாரும் கண்டுகொள்வதில்லை. ஐடி பெண் ஒருத்தி பற்றவைத்தால் மட்டும் தெருவே நின்று பார்க்கும். அப்படிப்பட்ட பெண்களுக்காக அக்கா உள்ளே சாக்குத் திரை கட்டி, ஸ்டூல் போட்டிருந்தார்.

"இன்னாக்கா, லேடீஸுக்குத் தனி ரூமா?" என்று கேலி செய்தேன்.

"நீ ஊதுனா ஸ்டைலு, பொண்ணு ஊதுனா நியூஸா? கம்முனு டீய குடி அண்ணாத்தே."

அக்கா ஒருநாளும் வாயில் சிகரெட் வைத்ததில்லை. ஆனால் இருமல் விடாது. "விக்கிறதும் நானு, இருமுறதும் நானு. ஊதுறவன் எல்லாம் நல்லா கீறான்" என்று அவரே சிரிப்பார். கடைசியில் நுரையீரல்தான் கொண்டுபோனது.

போன மழைக்காலத்தில் ஒரு மாலை, என்னைப் பார்த்ததும் அக்காவின் முகம் மாறியது. "பால் திரிஞ்சிபோச்சி. நாளிக்கு வா." அடுப்பில் பால் நன்றாகத்தான் பொங்கிக்கொண்டிருந்தது. திரைக்குக் கீழே இரண்டு கால்கள் தெரிந்தன. அவற்றில் கிடந்த செருப்பைத் தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்ததே நான்தான். மகள் போட்டோவை அக்காவிடம் காட்டிப் பீற்றிக்கொண்டவனும் நான்தான். பேசாமல் திரும்பி நடந்தேன். அதைப் பற்றி அக்காவும் அப்புறம் வாய் திறக்கவில்லை. மறுநாள் டீயில் சர்க்கரை மட்டும் தூக்கலாக இருந்தது.

திருநின்றவூரில் அக்கா வீட்டு வாசலில் மாலையோடு நின்றேன். தோழி வீட்டுக்கு என்று காலையிலேயே கிளம்பிப்போன என் மகள் காவ்யா, கண் சிவக்க எதிரே நின்றாள்.

"நீ எப்பிடிம்மா இங்க?"

"அங்க டீ குடிக்கப் போவேன்ப்பா. நீங்க?"

"நானும் டீதான்."

தெரிந்ததைத் தெரியாததுபோல் வைத்துக்கொள்ளும் அந்த மரியாதைதான் அக்காவிடமிருந்து எனக்குக் கிடைத்தது. அன்றைக்கு அது மட்டும் போதாது என்று பட்டது. ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளிடம், கொரட்டூர் வரும்வரை ஒன்றைச் சொல்லப்பார்த்து, சொல்லாமலே இறங்கினேன்:

"ரெண்டு பேருமா சேர்ந்து விட்டுடலாம் கண்ணு."