சரள் போட்டாச்சா, சார்?

"அம்மா போயிட்டாவ, சார். தூக்கத்துலயே..." என்று ராஜாமணியின் மகள் போனில் சொன்னபோது, என் இன்னொரு கையில் ஆபீஸ் போன் இருந்தது. அதில் ஒரு சப்ளையர் "சரக்கு கிளம்பிடுச்சு சார்" என்று சத்தியம் செய்துகொண்டிருந்தார். இரண்டு செய்தியும் உண்மையாக இருக்க வழியில்லை. ராஜாமணி செய்திதான் பொய்யாக இருக்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனால் கிளம்பாமல் இருந்தது சரக்குதான்.

கோவில்பட்டியில் எங்கள் நூற்பாலையில் வேலை பார்த்தவர்களுக்கு ராஜாமணியை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் கொள்முதல் பிரிவில் இருந்தார். தொழிலாளர்களுக்கு அக்கா, எனக்கு மேடம். ஆர்டர் போட்ட சாமான் வந்து சேரும்வரை சப்ளையர்களைப் போனில் விரட்டுவதுதான் அவர் வேலை. குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. "அனுப்பியாச்சு மேடம்" என்று யாராவது சொன்னால், "நல்லது அண்ணாச்சி, லாரி நம்பர் சொல்லுங்க" என்பார். நம்பர் சொன்னால், "டிரைவர் பேரு?" அதோடு பாதிப் பேர் விழுந்துவிடுவார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஓட்டப்பிடாரம் பக்கம் ஆலையின் புதுப் பிரிவைக் கட்டினோம். அதற்கான சாமான்களைத் திட்டமிட்டு வரவழைக்கும் இன்ஜினியராக என்னை ஒப்பந்தத்தில் எடுத்திருந்தார்கள். எனக்கு அப்போது கல்யாணமாகி எட்டு மாதம். தீபாவளிக்குள் டிரான்ஸ்ஃபார்மர் சைட்டில் இறங்கவில்லையென்றால் ஒப்பந்தத்தை நீட்டிக்க மாட்டேன் என்று முதலாளி முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். நான் கம்ப்யூட்டரில் கலர் கலராக ஒரு அட்டவணை தயாரித்துச் சுவரில் ஒட்டி, அதன் அழகை நானே அடிக்கடி நின்று பார்த்துக்கொள்வேன்.

ராஜாமணியும் ஒருநாள் வந்து நின்று பார்த்தார். "எல்லாம் இருக்கு சார். ரோட்டக் காணமே?"

மெயின் ரோட்டிலிருந்து சைட்டுக்கு ஒரு கிலோமீட்டர் வண்டிப்பாதை. "நானே நடந்து பாத்துட்டேன் மேடம். கல்லு மாதிரி கெடக்கு" என்றேன்.

"எந்த மாசம் பாத்தீங்க?"

"சித்திரை."

"டிரான்ஸ்ஃபார்மர் எந்த மாசம் வருது?"

ஐப்பசி. கரிசலில் பிறந்து வளர்ந்தவன் நான். மழை விழுந்தால் அந்த மண் செருப்பைப் பிடுங்கிக்கொண்டுதான் ஆளை விடும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். படிப்பும் கம்ப்யூட்டரும் வந்த வேகத்தில் மறந்துவிட்டேன். அதை ஒப்புக்கொள்ளத்தான் ரோஷம் விடவில்லை. "மழைக்கு முன்னால வந்துரும், நீங்க உங்க வேலையப் பாருங்க" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

மறுநாள் வழக்கம்போல ஒரு கட்டு கொள்முதல் கோரிக்கைகளைக் கையெழுத்துக்குக் கொண்டுவந்தார். "படிச்சுப் பாத்துப் போடுங்க சார்" என்றார். "நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்று மளமளவென்று போட்டுத் தள்ளினேன். முந்தினநாள் கோபித்துக்கொண்டதற்கு அதுதான் என் சமாதானம்.

புரட்டாசி முடியும்போது டிரான்ஸ்ஃபார்மர் கம்பெனிக்காரர் "கோயம்புத்தூர்லேர்ந்து லாரி கிளம்பியாச்சு" என்றார். ராஜாமணி நம்பர் கேட்டார், வந்தது. டிரைவர் பேர் கேட்டார், "விசாரிச்சுச் சொல்றேன் மேடம்" என்று அவர் போனை வைத்துவிட்டார். மறுநாள் காலையில் இரண்டு கிலோ கடலைமிட்டாயோடு அவரே பஸ் ஏறிவிட்டார். அந்தக் கம்பெனி வரவேற்பறையில் இரண்டு நாள் உட்கார்ந்து, வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்து விசாரித்திருக்கிறார்.

இங்கே ஐப்பசி பிறந்த அன்றே மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் விடாமல் அடித்தது. போச்சு, வேலை போச்சு, வீட்டில் என்ன சொல்வது என்று சைட்டுக்கு ஓடினேன். பார்த்தால், பாதை முழுக்கச் செம்மண்ணும் பொடிக்கல்லும் கலந்த சரள் கொட்டி, ரோலர் ஓட்டிக் கெட்டியாகக் கிடக்கிறது! ரெண்டு வாரமாகக் கோவில்பட்டி ஆபீஸிலேயே அட்டவணையைக் கட்டிக்கொண்டு மாரடித்ததில் அந்தப் பக்கமே நான் எட்டிப்பார்க்கவில்லை. முதலாளி குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சற்று நேரத்தில் லாரி வந்து, சரள்மேல் ஆடி அசைந்து, ஒரு சக்கரம்கூடப் புதையாமல் சைட்டுக்குள் நுழைந்தது. டிரைவருக்குப் பக்கத்தில் ராஜாமணி.

"நம்பர் கேட்டு அலுத்துப் போச்சு. அதான் லாரியோடயே வந்துட்டேன்" என்று இறங்கினார்.

"யாரு இந்தச் சரளைப் போடச் சொன்னது?" என்றார் முதலாளி.

"சார்தான். கோரிக்கையில அவிய கையெழுத்து இருக்கு, பாருங்க."

கட்டுக்கு நடுவில் அதுவும் இருந்திருக்கிறது. முதலாளி என் தோளில் தட்டினார். நான் வாயைத் திறந்தேன். அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து ராஜாமணி 'வேண்டாம்' என்று தலையை ஆட்டினார்.

"ஏன் மேடம் இப்படிச் செஞ்சீங்க?" என்று பிறகு டீக்கடையில் கேட்டேன்.

"நான் பர்மனன்ட் ஆளு. எனக்கு அந்தப் பேரு என்னத்துக்கு? உங்களுக்குத்தான் இப்ப அவசரம். குடிங்க, ஆறுது."

ஒப்பந்தம் நீண்டது. அந்த இன்ஜினியருக்கு மழை வாசம் முன்கூட்டியே தெரியும் என்று ஊரெல்லாம் பேச்சு. வேறு கம்பெனிகள் என்னைக் கூப்பிட்டதே அந்தச் சரளால்தான். ஒவ்வொரு வருஷமும் முதல் மழை விழுந்ததும் போன் வரும். "சரள் போட்டாச்சா, சார்?" அவ்வளவுதான், பிறகு ஒரே சிரிப்பு. அவருடைய ஓய்வு விழா மேடையில் உண்மையைச் சொல்லிவிட எழுந்தேன். சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். "சும்மா இரிங்க சார். சொல்லிட்டீங்கன்னா அப்புறம் நான் எத வச்சு உங்களக் கிண்டல் பண்ண?"

சப்ளையர் எதைச் சொன்னாலும் இன்றைக்கும் டிரைவர் பேர் கேட்கிறேன். எந்த இடத்தைப் பார்த்தாலும் எந்த மாதம் பார்த்தேன் என்று பக்கத்திலேயே குறித்துக்கொள்கிறேன். இரண்டும் அவர் கொடுத்தவை.

நேற்று இங்கே முதல் மழை. போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். இனி என்னைக் கிண்டல் பண்ண ஆளில்லை. ஆகவே நம் ஆலைக்காரர்கள் எல்லோரும் கேட்டுக்கொள்ளுங்கள்: அந்தச் சரள் நான் போட்டதல்ல.