எதிரணிக்குக் கைதட்டிய மாலை

எங்கள் கல்லூரி அணியின் கால்பந்து ஆட்டம் எதையும் நான் தவறவிட்டதில்லை. கோல்கீப்பர் கதிர் என் அறைத்தோழன். விருத்தாசலத்து அணியோடு மோத அவர்கள் ஊருக்குப் போனபோதும் எங்கள் அணியின் பஸ்ஸிலேயே ஏறிக்கொண்டேன்.

இடைவேளையில் ஒரு கோல் முன்னிலையில் இருந்தோம். டீ வாங்கப் போனேன். கடைக்கார அக்கா கிளாஸை நீட்டியபடி குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, நீங்க ஜெயிச்சீங்கன்னா உடனே பஸ்ஸுல ஏறாதீங்க."

"ஏங்க்கா?"

"கேட்டுப் பக்கம் பாருங்க. மூட்டை பூரா உடைஞ்ச பீங்கான். நீங்க ஜெயிச்சா எறியுறதுக்குன்னு காலையிலேயே கொண்ணாந்து வச்சிட்டாங்க."

எங்கள் பஸ்ஸுக்கு நேர் எதிரே மூட்டைகள் இருந்தன. சுற்றி நின்றவர்களில் ஒருவர்கூட ஆட்டத்தைப் பார்க்கவில்லை. ஓடிப்போய்க் கோச்சிடம் சொன்னேன்.

"சும்மா பயங்காட்டுவாங்கடா. போய் உக்காரு" என்றார்.

இரண்டாம் பாதியில் எதிரணி கோல் போட்டுச் சமன் செய்தது. நான் கைதட்டினேன். எங்கள் பையன்கள் முறைத்தார்கள். ஆட்டம் முடியும் நேரத்தில் பந்து மறுபடி கதிரை நோக்கி வந்தது. 'விட்டுடுடா, விட்டுடு' என்று முணுமுணுத்தேன். விட்டுவிட்டான்.

தோற்றுப்போய் பஸ் ஏறினோம். கதிர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். கேட்டைத் தாண்டும்போது ஒருவர் சிரித்தபடி எங்களுக்கு டாட்டா காட்டினார். அவரது இன்னொரு கையில் ஒரு வெள்ளைப் பீங்கான் துண்டு இருந்தது. அதை அவர் இன்னும் கீழே போட்டிருக்கவில்லை.

இப்போதும் எங்கள் அணி கோல் போட்டால் எல்லோரும் எழுந்து கத்துகிறார்கள். நான் எதிரே நிற்பவர்களின் கைகளைப் பார்க்கிறேன்.