சுவரோரத்து நந்தியாவட்டை

அன்பியக் கூட்டத்தில் விஜயராணி வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை. திறக்காமலே இருந்திருக்கலாம்.

மன்னார்புரத்தில் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் அவளுக்குச் சமையல் வேலை. வாரம் ஒரு வீட்டில் தெருக்காரர்கள் கூடி ஜெபிக்கிற அன்பியத்துக்கு வந்தால், கடைசியில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிவிட்டு, கொடுத்த சுண்டலை வாங்கிக்கொண்டு போய்விடுகிற ஆள். அன்றைக்குப் பேச்செல்லாம் சேவை வாரத்தைப் பற்றி. கல்லறைத் திருநாளுக்கு முந்தின வாரம் முழுக்கப் பங்கு மக்கள் ஊருக்காக உழைக்க வேண்டும் என்று பங்குத்தந்தை பூசையில் அறிவித்திருந்தார். கண் முகாம் என்றார் ஒருவர். பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடிக்கலாம் என்றார் இன்னொருவர். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் படித்துறையில் குளித்தவர்கள் ஆற்றோடு விட்டுப்போகிற துணிகளை அள்ளலாம் என்று மூன்றாவது ஆள் சொன்னார். யோசனை சொல்வதற்கு நம் ஆட்களிடம் என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. "வேற யாருக்காச்சும் ஏதாச்சும் தோணுதா?" என்று அன்பியத் தலைவி இருதயமேரி ஒப்புக்குக் கேட்டபோது விஜயராணி எழுந்து நின்றாள்.

"கல்லறைத் தோட்டத்துல கொஞ்சம் முள்ளு வெட்டினா நல்லாருக்கும்ங்க. பின்னால சுவர் வரைக்கும் நடந்து போக முடியல."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இருதயமேரி அவளுக்காகக் கைதட்டச் சொன்னார். விஜயராணிக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அன்றைக்கு ராத்திரி தூங்கப் போகிறவரைக்கும் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

கல்லறைத் தோட்டத்தில் முன்பக்கமெல்லாம் கிரானைட். போட்டோ பதித்து, பிறப்பு இறப்புத் தேதி போட்டு, சில வீட்டுக்காரர்கள் மேலே கூரைகூடப் போட்டிருக்கிறார்கள். பின்சுவர் ஓரம் அப்படி இல்லை. ஞானஸ்நானம் வாங்காமலே போன சிசுக்களை அங்கே புதைப்பார்கள். பேர் வைக்காத பிள்ளைக்குச் சிலுவை எதற்கு என்று எந்தக் காலத்திலோ யாரோ முடிவு செய்தது, மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றாமல் அப்படியே நின்றுவிட்டது.

விஜயராணியின் ஒரே மகள் உயிரில்லாமல் பிறந்தவள். தாய்க்கு மயக்கம் தெளிவதற்குள் அவள் புருஷன் அருள்ராஜ் பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய் அடக்கிவிட்டு வந்துவிட்டான். பிள்ளையின் முகத்தைக்கூட அவள் பார்க்கவில்லை. உடம்பு கொஞ்சம் தேறியதும், "எங்கங்க வச்சீங்க, காட்டுங்க" என்று அவனை நச்சரித்தாள். அவன் அழைத்துப்போய், சுவரோரம் நின்ற ஒரு நந்தியாவட்டைச் செடியைக் காட்டி, "இதுக்குக் கீழதான்" என்றான். அதற்கப்புறம் அவளுக்குப் பிள்ளை தங்கவே இல்லை.

அந்தச் செடிதான் அவளுக்கு மகள். செலின் என்று பேர்கூட வைத்திருந்தாள், யாரிடமும் சொல்லவில்லை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் தண்ணீர் பாட்டிலோடு போய் உட்கார்ந்துவிடுவாள். ஹாஸ்டல் பெண்கள் சாம்பாரில் குறை சொன்னது, வீட்டு ஓனர் தண்ணீர் மோட்டார் போட மறுப்பது, எல்லாம் அங்கேதான் கொட்டுவாள். ஹாஸ்டலில் புதிதாக ஒரு பெண் காலேஜ் சேர்ந்தால், "நீயும் இந்நேரம் இப்படித்தான் பை மாட்டிக்கிட்டு நின்னுருப்ப" என்பாள். பைத்தியம் என்று நினைப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். மனுஷியாகப் பிறந்தவளுக்குப் பேச ஓர் இடம் வேண்டாமா? இந்த வருஷம் மழை முன்னதாகவே பிடித்துக்கொண்டு சீமைக்கருவேலம் ஆளுயரம் வளர்ந்துவிட்டது. போன முறை போனபோது புடவை கிழிந்து, காலெல்லாம் ரத்தம். அதனால்தான் கூட்டத்தில் எழுந்து நின்றாள். அவளுக்கு வேண்டியிருந்தது ஓர் ஒற்றையடிப் பாதை.

சேவை வாரத்தில் அவளுக்கு எல்லோருக்கும் சமைக்கிற பொறுப்பு விழுந்தது. கல்லறை வேலை சனிக்கிழமை என்று முடிவாகியிருந்தது. அன்றைக்கு மட்டும் அடுப்படியை வேறு யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு, செடிக்குப் பக்கத்திலேயே நின்றுகொள்வது என்று மனசுக்குள் வைத்திருந்தாள்.

வியாழக்கிழமை படித்துறைக் குழுவுக்குத் தக்காளி சாதத்தை ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம் போனாள். காவிரியில் தண்ணீர் முட்டிக்கொண்டு ஓடியது. பிள்ளைகள் ஈரத்துணியை மூட்டை மூட்டையாக இழுத்துப் படியில் போட்டார்கள். பக்கத்துப் பூக்கடைக்காரர் எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்தார். இவளும் சிரித்துப் பேசி, இரண்டாம் தடவை சாதம் கேட்டவர்களுக்கெல்லாம் அள்ளி வைத்தாள்.

அதே நேரத்தில், பங்கைச் சேர்ந்த கான்ட்ராக்டர் ஒருவர், தன் பொக்லைன் அன்றைக்குச் சும்மா நிற்கிறது என்று கல்லறைத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டார். சும்மா கிடைத்ததை யார் வேண்டாம் என்பார்கள்? சனிக்கிழமை வேலை வியாழக்கிழமையே முடிந்துவிட்டது. சாயந்திரம் பாத்திரத்தை இறக்கும்போது இருதயமேரி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"போய்ப் பாருங்க விஜயராணி. உங்க யோசனைதான். கிரவுண்டு மாதிரி ஆயிடுச்சு."

நிஜமாகவே கிரவுண்டுதான். பின்சுவர் முழுநீளத்துக்கும் வெறும் செம்மண், பொக்லைன் சக்கரத்தின் தடம், அவ்வளவுதான். முள்ளும் போய்விட்டது, செடியும் போய்விட்டது, மேடு பள்ளமும் போய்விட்டது. மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தவர் அவளைப் பார்த்துப் பெருமையாகச் சொன்னார், "எல்லாத்தையும் வேரோட எடுத்தாச்சுங்க. இனிமே முளைக்காது."

யாரைத் திட்டுவது? கேட்டது அவள். கைதட்டல் வாங்கியதும் அவள். எதிர்ப்பட்டவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். எல்லோருக்கும் தலையாட்டினாள். மிச்சமிருந்த நாட்களிலும் சமைத்தாள், உப்புக்கூடச் சரியாகத்தான் இருந்தது. வேலை முடிந்ததும் நேராகச் சுவரோரம் போய், ஒரு வேராவது அகப்படாதா என்று விரலால் மண்ணைக் கிளறிக் கிளறிப் பார்த்தாள். பெற்ற பிள்ளையை இரண்டாம் தடவை சாகக் கொடுத்தவளுக்கு யார் போய்த் துக்கம் கேட்பார்கள்?

கல்லறைத் திருநாள் அன்று அருள்ராஜும் கூட வந்தான். எப்போதும் வராதவன். அவள் நகக்கண்ணில் மண்ணைப் பார்த்திருந்தான். முன்பக்கம் மெழுகுவர்த்தி, பூமாலை, ஊதுபத்தி என்று கூட்டம் நெரிந்தது. இவர்கள் இருவரும் பின்னால் அந்த வெற்று மண்ணில் நின்றார்கள்.

"இந்தச் சுவர்த் தூணுக்கு நேராவா, இல்ல அந்தப் பக்கமாங்க? உங்களுக்கு நெனப்பிருக்கும். நீங்கதான வச்சீங்க" என்று கெஞ்சினாள்.

அவன் அவள் கையைப் பிடித்து நிறுத்தினான். பிறகு, ஆறுதல் சொல்கிற குரலில், மெதுவாகச் சொன்னான்.

"தேடாத ராணி. அது அந்தச் செடிக்குக் கீழ இல்ல. நான் கல்லறை கேட் வரைக்கும்தான் வந்தேன், உள்ள வர கால் எழும்பல. குழி வெட்டுற அழகிரி கையில குடுத்துட்டு டீக்கடையில போய் உக்காந்துட்டேன். எங்க வச்சாருன்னு நான் கேக்கல. நீ காட்டு காட்டுன்ன. என்னத்தையாச்சும் காட்டணுமேன்னு காட்டினேன். அதனால மனசப் போட்டு வருத்திக்காத. மெஷினு பாப்பாவ ஒண்ணும் பண்ணல."

அழகிரி செத்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இனிமேல் கேட்பதற்கு ஆள் கிடையாது.

அவளுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் தேவலை. "அப்ப இத்தன வருஷமா நான் யார்கிட்டங்க பேசிக்கிட்டு இருந்தேன்?" என்று மட்டும் கேட்டாள்.

பங்குத்தந்தை ஒவ்வொரு கல்லறையாக மந்திரித்துத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். பின்னால் தனியாக நின்ற இவர்களைப் பார்த்ததும், முகம் மலர்ந்து, அவர்கள் பக்கம் நடந்து வந்தார்.

"வாம்மா. உங்க புண்ணியத்துல இந்த வருஷம் எல்லாரும் நிம்மதியா நடந்து வர முடிஞ்சுது. உங்க கல்லறை எதும்மா? மந்திரிச்சுடலாம்."

விஜயராணி சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒருமுறை பார்த்தாள்.

"இல்லங்க ஃபாதர். எங்களுக்கு இங்க யாரும் இல்ல."

அவர் தலையசைத்துவிட்டு அடுத்த கல்லறைக்குப் போனார்.